கும்பாபிஷேகத்துக்குப் பன்னிரண்டு, விண்டோஸுக்குப் பத்தேகால்

"இன்னுமா விண்டோஸ் 7?" மைசூரில் எந்தக் கணினிக் கடைக்குப் போனாலும் இந்தக் கேள்வி காதில் விழும். கேட்பவர் பதிலுக்காகக் கேட்பதில்லை. பழைய இயங்குதளம் என்றாலே ஆபத்து, அதை மறுபடி ஏற்றுவது அறியாமை, அதற்கென்று ஒரு பூட் பென்டிரைவ் செய்துகொண்டிருப்பவன் கஞ்சன் அல்லது திருட்டு நகல் போடுகிறவன். கடைப் பையனிலிருந்து அலுவலகக் கணினிப் பிரிவின் தலைவர் வரைக்கும் இன்று எல்லோரும் ஒப்புக்கொண்ட கருத்து இது. இது தவறு என்கிறேன். அதன் அடிப்படையே தவறு.

இந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு சின்ன அச்சகம் இருக்கிறது. கன்னடத்திலும் தமிழிலும் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கருமாதி, கோயில் நோட்டீஸ் என்று அடித்துக் கொடுக்கும் இடம். 2013-இல் ஒரு கோயில் கும்பாபிஷேகத்துக்கு அவர்கள் மலர் ஒன்று செய்தார்கள். தல வரலாறு, உபயதாரர் பட்டியல், பழைய புகைப்படங்கள் என்று நல்ல கனமான மலர். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2025-இல், அடுத்த கும்பாபிஷேகம் வந்தது. பழைய மலரை எடுத்து, காலமானவர்களின் பெயருக்கு முன்னால் 'அமரர்' சேர்த்து, புதிய உபயங்களை இணைத்து, மறுபடி அடிக்க வேண்டும். கோப்பு டிவிடியில் பத்திரமாக இருந்தது. அதைத் திறக்கும் விண்டோஸ் 7 கணினியின் மதர்போர்டு போய்விட்டது.

மலர் பேஜ்மேக்கர் 7 என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தது. எழுத்துரு பாமினியும், ஒரு வணிகத் தமிழ் மென்பொருளின் எழுத்துருக்களும். அந்த மென்பொருள் வேலை செய்ய, கணினியின் முதுகில் உரிமத்தைக் காட்டும் டாங்கிள் செருகியிருக்க வேண்டும். அந்த டாங்கிளுக்கு உரிய டிரைவர் 32 பிட் விண்டோஸுக்கு மட்டும் எழுதப்பட்டது. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே கிடையாது. 64 பிட் விண்டோஸ் 32 பிட் டிரைவரை ஏற்காது. பார்க்க வந்த பையன் ஐந்து நிமிடத்தில் முடிவு சொல்லிவிட்டான்: "ஹொசது தகொள்ளி சார், இது ஆகல்ல." புதிது வாங்குங்கள், இது ஆகாது.

அச்சக உரிமையாளர் எனக்கு போன் போட்டார். "தம்பி, நான் புதுசு வாங்க மாட்டேன்னு சொல்லல. புதுசுல என் மலர் திறக்குமான்னுதான் கேக்கறேன்."

பழைய இயங்குதளத்தைப் பழிப்பவர்கள் யாரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. அவர்கள் கணினியைப் பார்க்கிறார்கள். அதில் நடக்கிற வேலையைப் பார்ப்பதில்லை. விண்டோஸ் 7 கடைக்கு வந்தது 2009 அக்டோபர் 22. மைக்ரோசாஃப்ட் அதன் பொது ஆதரவை நிறுத்தியது 2020 ஜனவரி 14. கணக்குப் பார்த்தால் பத்தேகால் ஆண்டு. கும்பாபிஷேகம் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. ஒரு கோயிலின் மிகச் சாதாரணமான கால அளவுக்குக்கூட ஒரு இயங்குதளத்தின் அதிகாரபூர்வ ஆயுள் எட்டவில்லை. குறை கோயிலிடமா?

ஆபத்து என்ற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது பொய்யல்ல. திருத்தங்கள் நின்றுபோன இயங்குதளத்தில் இணையத்தைத் திறந்துவைத்து, வங்கிக் கணக்கும் மின்னஞ்சலும் பார்ப்பவரைக் கண்டால் நானே கேபிளைப் பிடுங்குவேன். ஆனால் 'பழையது என்பதாலேயே ஆபத்து' என்பது வேறு கூற்று. அதற்குச் சான்றாக எல்லோரும் எடுத்துப்போடுவது 2017 மே 12-ஆம் தேதி பரவிய வான்னாக்ரை என்ற நச்சுநிரல். ஆந்திரக் காவல்துறையின் கணினிகளும் அதில் சிக்கின. அதைவிடப் பழைய விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருந்தவர்கள்தான் மாட்டினார்கள் என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். காஸ்பர்ஸ்கி நிறுவனம் அப்போது வெளியிட்ட கணக்கின்படி, பாதிக்கப்பட்ட கணினிகளில் 98 விழுக்காட்டுக்கு மேல் விண்டோஸ் 7. அன்றைக்கு விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது. இரண்டு மாதமாகப் பலர் அதைப் போடவில்லை. இயங்குதளத்தின் வயது அந்த நாசத்துக்குக் காரணமல்ல. பராமரிக்காமல் விட்டதும், வலையமைப்பில் கதவைத் திறந்துபோட்டு வைத்ததும்தான் காரணம்.

அடுத்து 2024 ஜூலை 19. க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். நின்றவை ஆதரவில் இருந்த, காசு கொடுத்துப் பாதுகாத்த, நாள் தவறாமல் புதுப்பித்த கணினிகள். அவற்றை எழுப்ப மைக்ரோசாஃப்ட் என்ன கொடுத்தது தெரியுமா? யுஎஸ்பியிலிருந்து பூட் ஆகும் ஒரு மீட்புக் கருவி. ஒவ்வொரு கணினி முன்னாலும் ஒருவர் பென்டிரைவோடு போய் நிற்க வேண்டியிருந்தது. பூட் பென்டிரைவ் செய்யத் தெரிவது காலாவதியான வித்தை என்று சொன்னவர்கள் அந்த வாரம் அதைத்தான் தேடி ஓடினார்கள்.

ஆதரவு முடிந்ததும் திருத்தம் எழுத ஆளில்லாமல் போகிறது என்பதும் சரியல்ல. விண்டோஸ் 7-க்கு 2023 ஜனவரி வரைக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் எழுதப்பட்டன. காசு கட்டிய நிறுவனங்களுக்கு மட்டும் போயின. 2020-இல் ஜெர்மன் மத்திய அரசு தன் 33,000 கணினிகளுக்காக ஏறத்தாழ 8 லட்சம் யூரோ கட்டியது. அவர்களை யாரும் அறியாதவர்கள் என்று சொல்லவில்லை. அதே இயங்குதளத்தை அக்ரஹாரத்திலோ லஷ்கர் மொஹல்லாவிலோ ஒரு அச்சகக்காரர் வைத்திருந்தால் மட்டும் அறியாமை ஆகிவிடுகிறது. இது எனக்குக் கோபம் வரவழைக்கும் விஷயம்.

'கோப்பைப் புதிய வடிவுக்கு மாற்றிவைத்துக்கொண்டு பழையதை எறியலாமே' என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மாற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் கஷ்டம் தெரியும். பாமினி போன்ற எழுத்துருக்களில் இருப்பது தமிழ் உருவம் மாட்டிய ஆங்கில எழுத்து. எழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்ற சொல் நாலு ஆங்கில எழுத்தும் நடுவே ஓர் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் குறியாக்கங்கள் வந்தன. 2010-இல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்16-ஐயும் தரமாக அறிவித்தது. இதற்கிடையில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு குறியாக்கம் செய்து விற்றது. மாற்றிகள் இருக்கின்றன, உரையை ஓரளவு மீட்டுத் தரும். ஆனால் ஒரே பக்கத்தில் பாமினியும் இன்னொரு நிறுவனத்தின் எழுத்துருவும் கன்னட எழுத்துருவும் கலந்திருந்தால்? பட்டியலில் 'ஸ்ரீ'யும் ரூபாய்க் குறியும் தமிழ் எண்களும் இருந்தால்? எது எந்த எழுத்துரு என்று தெரிய மூலக் கோப்பு திறந்தாக வேண்டும். பேஜ்மேக்கர் கோப்பை நேரே திறந்த இன்டிசைன் சிஎஸ்6-தான் கடைசி. அதற்குப் பின் வந்தவை திறக்காது. மாற்றுவதற்காகவாவது பழைய கணினி ஓட வேண்டும் என்பதைத்தான் மாற்றச் சொல்பவர்கள் மறந்துபோகிறார்கள்.

மைசூரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லும்போது, இந்திய தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு நினைவுக்கு வராமல் இருக்காது. 1966-இல் உதகையிலிருந்து இங்கே வந்த அலுவலகம். தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் ஆயிரக்கணக்கில் இங்கே இருந்ததால் எத்தனை வருத்தம், எத்தனை வழக்கு. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றைச் சென்னைக்கு மாற்றும்படி ஆணையிட்டது. கல்வெட்டின் பாடந்தான் பல தொகுதிகளாக அச்சாகிவிட்டதே, மைப்படி எதற்கு என்று அந்த வழக்கில் எந்தத் தமிழரும் கேட்கவில்லை. அச்சான பாடத்தில் ஓர் எழுத்தில் ஐயம் வந்தால் ஆய்வாளர் மைப்படிக்குத்தான் திரும்புகிறார். அதிலும் ஐயம் என்றால் கல்லுக்கே போகிறார். கல்லில் இருப்பதற்குக் காட்டும் இந்த மரியாதையை, முப்பது ஆண்டுகளாக நம் அச்சகங்களின் வன்தட்டுகளில் சேர்ந்து கிடக்கும் தமிழுக்கு ஏன் காட்டக் கூடாது? மலர்கள், சங்க அறிக்கைகள், உள்ளூர் வரலாறுகள், யாரும் மறுபதிப்பு போடாத சிறு நூல்கள். பலவற்றுக்கு அந்தக் கோப்புதான் மூலப்படி.

இனி அந்தப் பையன் 'ஆகல்ல' என்ற இடத்துக்கு வருகிறேன். அவன் பொய் சொல்லவில்லை. அச்சகக்காரர் போன மதர்போர்டுக்குப் பதிலாக 2016-இல் வந்த ஒரு கணினியை இரண்டாங்கையாக வாங்கியிருந்தார். பையன் விண்டோஸ் 7-ஐப் பென்டிரைவில் ஏற்றிச் செருகினான். மொழி கேட்கும் முதல் திரை வந்தது. மவுஸ் நகரவில்லை, கீபோர்டு பேசவில்லை. வேறு துளையில் செருகிப் பார்த்தான். சிடி, டிவிடி டிரைவுக்குத் தேவையான டிரைவர் இல்லை என்று ஒரு செய்தி வந்தது. சிடியே இல்லாத கணினியில் அப்படி ஒரு செய்தி வந்தால் யாருக்கும் நம்பிக்கை போகும்.

காரணம் எளியது. யுஎஸ்பி 3.0-இன் விதிமுறை வெளியானது 2008 நவம்பரில். அடுத்த ஆண்டு வந்த விண்டோஸ் 7-இன் நிறுவல் வட்டில் அதற்கு டிரைவர் இல்லை. நெடுநாள் அது பிரச்சினையாகவில்லை, ஏனென்றால் மதர்போர்டுகளில் பழைய யுஎஸ்பி 2.0 கட்டுப்படுத்தியும் கூடவே இருந்தது. 2015-இல் ஆறாம் தலைமுறைச் சில்லுகளோடு இன்டெல் அதை எடுத்துவிட்டது. நிறுவல் நிரல் தான் எந்தப் பென்டிரைவிலிருந்து எழுந்ததோ அந்தப் பென்டிரைவையே அடையாளம் காண முடியாமல் நிற்கிறது. அதைத்தான் சிடி டிரைவர் இல்லை என்று தன் காலத்து மொழியில் சொல்கிறது.

வழி உண்டு. நிறுவல் வட்டின் படிமமான ஐஎஸ்ஓவைப் பிரித்து, அதிலுள்ள பூட்.விம் கோப்பின் இரண்டு படிமங்களிலும், இன்ஸ்டால்.விம் கோப்பில் நாம் ஏற்றப்போகும் பதிப்பின் படிமத்திலும், டிஸ்ம் கட்டளையால் இன்டெலின் யுஎஸ்பி 3.0 டிரைவரைச் சேர்த்து மூட வேண்டும். பூட்.விம்மில் மட்டும் சேர்த்துவிட்டு இன்ஸ்டால்.விம்மை மறந்தால் நிறுவல் முடிந்து முதல் தடவை எழும்போது மவுஸ் மறுபடி செத்துக் கிடக்கும். நானே முதல் தடவை அப்படி ஒரு நாளை இழந்தேன். 32 பிட் என்பதால் பயாஸில் பழைய முறை பூட்டை, அதாவது சிஎஸ்எம்மை, இயக்க வேண்டும். செக்யூர் பூட்டை அணைக்க வேண்டும். பூட் பென்டிரைவ் செய்யும் நிரலான ரூஃபஸில் ஜிபிடிக்குப் பதில் எம்பிஆர் தேர்ந்தெடுக்க வேண்டும். பென்டிரைவைச் செய்யும் கணினியும் விண்டோஸ் 7 என்றால் ரூஃபஸின் 3.22 பதிப்புதான் ஓடும், 4.0-இலிருந்து அது விண்டோஸ் 8-க்குக் கீழே இயங்காது. எழுந்த பிறகு திருத்தங்களைப் போடவும் ஒரு வரிசை இருக்கிறது. 2019 ஆகஸ்டுக்குப் பிறகு வந்தவை ஷா-2 கையொப்பத்தோடு மட்டும் வந்தன. அதைப் படிக்கக் கற்றுத்தரும் கேபி 4490628, கேபி 4474419 இரண்டையும் முதலில் போடாவிட்டால் மற்றவை ஏறாது. பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கினேன். ஏழரைக்கு பேஜ்மேக்கர் திறந்தது.

இதையெல்லாம் விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. 'முடியாது' என்று நம் ஊரில் சொல்லப்படுவதில் பாதி, 'எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை' என்பதே. அந்தப் பையனை நான் குறை சொல்லவில்லை. அருகில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தான், எழுதிக்கொண்டான். அவனுக்குக் கற்றுத்தந்த இடங்கள், இதைக் கற்றுக்கொள்ளத் தகுதியில்லாத விஷயமென்று ஒதுக்கிவிட்டன. புதிய கணினியில் விண்டோஸ் 11 ஏற்றுவதற்குத் தொழில்காரர் தேவையில்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம். தொழில் தெரிந்தவர் தேவைப்படுவது பழைய கணினிக்குத்தான்.

ஆய்வுக்கூடங்களில் நிலைமை இன்னும் கறார். 1950-இல் செலுவாம்பா மாளிகையில் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தைச் சுற்றி, உணவையும் தண்ணீரையும் சோதிக்கும் வேலை தெரிந்தவர்கள் வளர்ந்த ஊர் இது. ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில், கருவியை இயக்கும் கணினியைப் பார்க்கச் சொல்லி ஒருமுறை அழைத்தார்கள். உள்ளே பழைய பிசிஐ அட்டை. அதற்கு எக்ஸ்பி டிரைவர் மட்டும். கருவி நன்றாக இருக்கிறது, விளக்கு மாற்றியிருக்கிறார்கள், அளவு பிசகுவதில்லை. கணினியின் வன்தட்டு போனதால் பல லட்ச ரூபாய்க் கருவியை ஓரங்கட்டுவதா என்று பேச்சு. பெரும்பாலான புதிய மதர்போர்டுகளில் பிசிஐ துளையே இல்லாததால் 'புதிது வாங்கு' என்பது அங்கே கணினியோடு நிற்காது, கருவியையும் சேர்த்து வாங்கச் சொல்வதாகும்.

எக்ஸ்பி இன்னும் பிடிவாதக்காரன். அது சிடியிலிருந்து ஏறுவதற்காக எழுதப்பட்டது. சாட்டா வட்டு ஏஹெச்சிஐ முறையில் இருந்தால் 7பி என்று முடியும் நீலத்திரை காட்டி நிற்கும். டிரைவர் கொடு என்று எஃப்6 அழுத்தச் சொல்லி ஃபிளாப்பியைக் கேட்கும். பயாஸில் வட்டை ஐடிஇ முறைக்கு மாற்றினால் வழிவிடும். அன்று அங்கே அதைத்தான் செய்தோம். கருவி எழுந்தது.

'மெய்நிகர் கணினிக்குள் ஓட்டலாமே' என்பவர்களுக்கு: ஓட்டலாம், அட்டையும் டாங்கிளும் இல்லாத வேலைக்கு அது நல்ல வழி, நானும் செய்கிறேன். ஆனால் அதற்குள் ஏற்றவும் அதே நிறுவல் ஐஎஸ்ஓதான் வேண்டும். 'லினக்ஸுக்கு மாறு' என்பவர்களுக்கும் அதையே சொல்வேன். சென்னை சிடாக் உருவாக்கிய போஸ் லினக்ஸை வீட்டிலும் பள்ளியிலும் மனமாரப் பரிந்துரைப்பேன்; டாங்கிள் அதில் பேசாது.

திருட்டு நகல் என்ற குற்றச்சாட்டுதான் இவற்றில் கடுமையானது, நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டியது. கடைகளில் 'ஆல் இன் ஒன்' என்ற பெயரில் சுற்றும் ஐஎஸ்ஓக்களை நான் தொடுவதில்லை. 2009 மே மாதத்திலேயே, விண்டோஸ் 7 வெளிவருவதற்கு முன், அதன் சோதனைப் பதிப்பின் திருட்டு நகலில் ட்ரோஜன் வைத்துப் பரப்பி ஆயிரக்கணக்கான கணினிகளைப் பிடித்திருந்ததை டம்பல்லா என்ற நிறுவனம் கண்டுபிடித்தது. பழைய இயங்குதளத்தில் ஆபத்து என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அது இந்த அழுக்கு நகல்தான். ஆனால் அழுக்கு நகல் பெருகுவதற்குக் காரணம் யார்? சொந்தத் தளத்திலிருந்து விண்டோஸ் 7 ஐஎஸ்ஓவை எடுத்துவிட்டது மைக்ரோசாஃப்ட். உரிமத்துக்குக் காசு கொடுத்தவனும் மூலப்படிக்குச் சந்தில் அலைய வேண்டியிருக்கிறது. அச்சகக்காரர் வாங்கிய கணினி விண்டோஸ் 10 புரோ உரிமத்தோடு வந்தது. அந்த உரிமத்திலேயே விண்டோஸ் 7 புரொஃபெஷனலுக்கு இறங்கிக்கொள்ளும் உரிமை அடங்கியிருக்கிறது. உரிமை கையில் இருக்கிறது, வட்டு மட்டும் இல்லை. என்னிடம் இருப்பது பழைய அசல் டிவிடியிலிருந்து எடுத்த படிமம். அதன் ஷா-1 எண்ணை, நாற்பது இலக்கத்தையும், மைக்ரோசாஃப்ட் முன்பு வெளியிட்ட எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வைத்திருக்கிறேன். விண்டோஸிலேயே இருக்கும் செர்ட்யூட்டில் கட்டளை அந்த எண்ணைத் தரும். ஒப்பிடாமல் ஏற்றுபவரைக் கண்டியுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கும் பொது ஆதரவு முடிந்தது. டிபிஎம் 2.0 இல்லை, செயலி பழையது என்று விண்டோஸ் 11 ஏற்க மறுக்கும் கணினிகளில் ஏறத்தாழ 24 கோடி குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் நிறுவனம் 2023 டிசம்பரிலேயே கணித்தது. 2022-இல் உலகம் கழித்துப்போட்ட மின்கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்ததாகக் கணக்கில் வந்தது அதில் கால்பங்குகூட இல்லை. இந்த எண்களைப் படித்துவிட்டு, ஓடுகிற கணினியை ஓட வைப்பவனைக் கஞ்சன் என்று அழைக்க எப்படி மனம் வருகிறது?

அச்சகத்தின் அந்தக் கணினியில் இன்றைக்கு வலைக் கேபிள் கிடையாது, வைஃபை கிடையாது. மலர் பிடிஎஃப் ஆக வெளியே வருவதற்கென்று ஒரே ஒரு பென்டிரைவ். அதைப் பக்கத்துப் புதிய கணினியில் சோதித்துத் துடைத்த பிறகே இதில் செருகுவார்கள், ஆட்டோரனை அணைத்துவைத்திருக்கிறோம். பென்டிரைவ் வழியாகவும் நோய் வரும் என்பது எனக்குத் தெரியும். டிரைவர்கள் சேர்த்த நிறுவல் பென்டிரைவ் இரண்டு செய்தேன். ஒன்று உரிமையாளரின் மேசை இழுப்பறையில், டாங்கிளின் உதிரிக் கேபிளோடு. இன்னொன்றில் நூல் கட்டி, கணினியின் பெயர், பதிப்பு, தேதி, ஷா-1 எண்ணின் கடைசி எட்டு இலக்கம் எல்லாம் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டு அந்தப் பையனிடம் கொடுத்தேன். அடுத்த வாரம் போன் செய்தான். நஞ்சன்கூடு பக்கம் ஒரு நூற்பாலையில் எடை எந்திரத்தோடு இணைத்த கணினி எழவில்லையாம், எக்ஸ்பியாம், எஃப்6 கேட்கிறதாம். பயாஸைத் திறக்கச் சொன்னேன்.